விற்பனைப் புனலும் இணையதளமும்

விற்பனைப் புனல்: முன்பின் அறியாத ஒருவரை விளம்பரம், ஒற்றைப் பக்கம், தொலைபேசி எண், முதல் கொள்முதல், மறு ஆர்டர் என்று படிப்படியாக வாடிக்கையாளராக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு படியிலும் ஆள் குறைவதால் இந்தப் பெயர். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற படிநிலைக் கருத்து, 1898ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆக, புனல் கருத்து இணையதளத்தைவிடப் பழையது; முதல் இணையதளம் 1991இல்தான் வந்தது.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்து முந்திரியை வைத்துப் பார்த்தால் புனலுக்கும் இணையதளத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். மொத்தமாக வாங்குபவர் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் கேட்பார். ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் சிறுத்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இரண்டையும் பார்த்த பிறகே அவர் விலை பேசுவார். இவற்றை அவருக்குக் காட்ட இணையதளம் வேண்டும். தீபாவளிக்கு அரைக் கிலோ வாங்கும் சென்னைக் குடும்பத்துக்கு ஒரு படம், ஒரு விலை, யுபிஐ, கூரியர் என்று ஒரு புனல் போதும். 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தபின் சிறு வியாபாரிக்குப் பாதிப் புனல் கைப்பேசியிலேயே இருக்கிறது.

விளம்பரத்தை நிறுத்தினால் புனல் வற்றும். இணையதளம் கூகுள் தேடலில் மேலேறப் பெரும்பாலும் மாதக்கணக்காகும். உடைந்த பருப்பு மட்டும் விற்பவருக்கு இரண்டுமே வீண்செலவு; அதை இனிப்புக் கடைக்காரர்களே வாங்கிக்கொள்வார்கள்.