கையெழுத்துப் போடாத ஓவியர்கள்: 'என் பெயர் சிவப்பு' நாவலும் அது கிளப்பிய சண்டைகளும்

முதல் அத்தியாயத்திலேயே பிணம் பேசுகிறது. கிணற்றுக்குள் கிடக்கும் அந்தப் பிணம், தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கும்படி வாசகனிடம் முறையிடுகிறது. மர்ம நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? ஆனால் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களில் கணிசமானவர்கள் நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நடுவில் நிற்பவர்கள் குறைவு.

துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் 1998-இல் வெளியிட்ட நாவல் இது. 2001-இல் எர்டாக் கோக்னாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2003-இல் டப்ளினின் இம்பாக் பரிசு கிடைத்தது. தமிழில் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. கதை நடப்பது 1591-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி கொட்டும் இஸ்தான்புல்லில், ஒன்பது நாட்களுக்குள். கிணற்றில் கிடப்பவர் சுல்தானின் ஓவியக்கூடத்தில் ஓரங்களுக்குப் பொன்பூச்சு செய்யும் கைவினைஞர். சந்தேகத்துக்கு ஆளாகிறவர்கள் வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் என்ற பட்டப்பெயர்கள் கொண்ட மூன்று நுண்ணோவியர்கள். மூவரும் ஒரே குருவிடம் பிரம்படி பட்டு வளர்ந்தவர்கள். அந்தக் குருவின் பெயர் உஸ்தாத் உஸ்மான்.

கொலைக்குக் காரணம் ஒரு ரகசியப் புத்தகம். ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, வெனிஸுக்கு அனுப்புவதற்காக சுல்தான் மூன்றாம் முராத் அதைத் தயாரிக்கச் சொல்கிறார். அதில் பறங்கிகளின் முறைப்படி ஓவியங்கள் வர வேண்டும் என்பதுதான் சிக்கல். (தமிழில் 'பறங்கி' என்று சொல்கிறோமே, துருக்கியர்கள் ஐரோப்பியர்களை அழைத்த சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.) பறங்கி முறை என்றால் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், நிழல் விழும், ஒவ்வொரு முகமும் இன்னாருடையது என்று அடையாளம் காணும்படி இருக்கும். மரபான நுண்ணோவியத்திலோ சுல்தான் எங்கே நின்றாலும் பெரிதாகத்தான் இருப்பார். முகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அழகு முகம்தான்.

சரி, வாசகர்களின் புகார்களுக்கு வருவோம்.

துப்பறியும் கதை என்று நம்பி வந்தவர்களின் முதல் குற்றச்சாட்டு, கதை நகரவில்லை என்பது. 59 அத்தியாயங்கள். நாய் பேசுகிறது, மரம் பேசுகிறது, காசு பேசுகிறது, சிவப்பு நிறமே எழுந்து பேசுகிறது. நடுவில் பாரசீகத்து ஓவியர்களைப் பற்றிய கிளைக்கதைகள். கொலை நடந்ததே மறந்துபோகும் அளவுக்கு. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. சில கிளைக்கதைகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன. அவற்றில் பாதியை எடுத்திருந்தாலும் நாவலுக்கு நஷ்டம் இருந்திருக்காது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் சுவாரசியமானது. வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் மூவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். 'கொலைகாரன்' என்ற தலைப்பிலும் ஒரு குரல் தனியாகப் பேசுகிறது. மூவரின் பேச்சும் ஒரே மாதிரி இருக்கிறது, யார் எவர் என்று பிரிக்க முடியவில்லை, பாத்திரப் படைப்பு சரியில்லை என்கிறார்கள் பலர்.

ஆனால் நாவலின் புதிரே அதுதான். அந்தப் பட்டறையில் தனிப்பாணி என்பது பெருமை அல்ல, குறை. தன் கைரேகை படத்தில் தெரிந்துவிட்டால், பழைய உஸ்தாதுகளைப் போல வரைய அவனுக்கு வரவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட மூன்று பேரைப் பேச விட்டால், தங்கள் பாணியை ஒளித்துக்கொண்டுதான் பேசுவார்கள். அதிலும் ஒருவன் கொலைகாரன் வேறு! குரல்கள் பிரிபடாமல் இருப்பதால் சலித்துப்போகும் வாசகனும், ஓவியங்களைக் குனிந்து பார்த்துத் துப்புத் தேடும் உஸ்தாத் உஸ்மானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

உஸ்மான் துப்பறியும் விதமும் கவனிக்க வேண்டியது. கொலையுண்டவரின் உடலோடு கிடைத்த தாளில் குதிரைகள் வரையப்பட்டிருக்கின்றன. ஒன்றின் மூக்குத் துளை மட்டும் வெட்டிவிட்டதுபோல விநோதமாக இருக்கிறது. முகம், உடல் போன்ற முக்கியமான பகுதிகளில் ஓவியன் எச்சரிக்கையாக இருப்பான். யாரும் கவனிக்காத மூலையில்தான் கை தன் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். இது பாமுக்கின் கற்பனை மட்டும் அல்ல. 1870-களில் இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி, இவான் லெர்மோலியெஃப் என்ற புனைபெயரில் கட்டுரைகள் எழுதி, பழைய ஓவியங்களை வரைந்தது யார் என்று காது மடலையும் விரல் நகத்தையும் வைத்தே சொல்ல முடியும் என்று வாதிட்டார். அந்த முறையைப் பற்றி ஃபிராய்டு 1914-இல் எழுதினார். அதற்கும் ஷெர்லாக் ஹோம்ஸின் துப்பறியும் முறைக்கும் உள்ள உறவை வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஆக, மூக்குத் துளையைத் தேடும் கிழவர் உஸ்மான், துப்பறிவாளர்களின் நேர் பரம்பரையைச் சேர்ந்தவர்தான். இது மர்ம நாவலே அல்ல என்பவர்கள் இதை எங்கே கொண்டு வைப்பார்கள்?

துருக்கியில் எதிர்ப்பு வேறு வகையாகவும் இருந்தது. ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டது பற்றிப் பேசியதற்காக 2005-இல் பாமுக் மீது வழக்குப் போட்டார்கள். 2006 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நோபல் பரிசு. அதன் பிறகு அவருடைய எந்த நாவலைப் பற்றிய பேச்சிலும் அரசியல் கலந்துவிட்டது. ஆனால் அந்தச் சண்டைக்கும் நுண்ணோவியத்துக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமுள்ள சண்டை, வரலாறு படித்தவர்கள் போடும் சண்டை.

ஏனென்றால் உஸ்தாத் உஸ்மான் உண்மையாக வாழ்ந்தவர். நக்காஷ் உஸ்மான் என்று வரலாறு அழைக்கும் அவர் மூன்றாம் முராத் (ஆட்சி 1574-1595) காலத்தில் அரண்மனை ஓவியர்களின் தலைவர். அவர் காலத்து அரண்மனை ஓவியர்கள் பலரைப் பற்றி நமக்குத் தெரிவது முக்கியமாகச் சம்பளப் பதிவேடுகளிலிருந்துதான். அரண்மனைக் கைவினைஞர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலி கொடுத்து எழுதி வைத்த பேரேடுகள். படத்தில் பெயர் இல்லை, கணக்கில் இருக்கிறது! ஒரே பக்கத்தில் ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் நிறம் கொடுப்பார், பொன் வைப்பது மற்றொருவர். இதில் யார் கையெழுத்துப் போடுவது?

உஸ்மானின் தலைமையில் உருவானவற்றில் புகழ்பெற்றது 'சூர்நாமே'. 1582-இல் இளவரசர் மெஹ்மெதின் சுன்னத்து விழா இஸ்தான்புல்லின் குதிரைப் பந்தயத் திடலில் ஐம்பது நாட்களுக்கு மேல் நடந்தது. நகரத்தின் தொழிற்குழுக்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் வேலையைச் செய்துகாட்டியபடி சுல்தான் முன் ஊர்வலம் போயின. உஸ்மானின் குழு அதை இரட்டைப் பக்க ஓவியங்களாக வரைந்தது. மேலே இப்ராஹிம் பாஷா மாளிகை, அதில் சுல்தான், கீழே திடல். பக்கத்துக்குப் பக்கம் அதே மேடை, அதே கோணம். ஊர்வலம் மட்டும் மாறுகிறது. கண்ணாடி ஊதுபவர்கள் உலையோடு போகிறார்கள், அடுத்த பக்கத்தில் வேறொரு தொழில். கைவினைஞர்களைக் கைவினைஞர்களே வரைந்து வைத்த இப்படிப்பட்ட ஆவணம் உலகத்தில் மிகக் குறைவு.

நாவலில் வரும் உஸ்மான் பழமையின் காவலர். பறங்கி முறையை அடியோடு வெறுப்பவர். கடைசியில் அரண்மனைக் கருவூலத்துக்குள் நுழைந்து, பழைய பாரசீகப் புத்தகங்களைப் பார்த்துத் தீர்த்துவிட்டு, ஹெராத்தின் மேதை பிஹ்ஸாத் தன்னைக் குருடாக்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் ஊசியாலேயே தன் கண்ணையும் குத்திக்கொள்கிறார். நாவலில் மறக்க முடியாத பகுதி அதுதான். அங்கே அவர் புரட்டும் 'ஷாநாமா' கற்பனை அல்ல. பாரசீக மன்னர் தஹ்மாஸ்ப், சுல்தான் இரண்டாம் செலிமுக்கு 1568-இல் அனுப்பிய பரிசு அது. 258 ஓவியங்கள் கொண்டது. (அதன் பிற்காலக் கதை இன்னும் விநோதம். 1959-இல் அதை வாங்கிய அமெரிக்கர் பக்கம் பக்கமாகப் பிரித்துவிட்டார். எஞ்சிய 118 ஓவியங்களை 1994-இல் ஈரான் திரும்பப் பெற்றது. பதிலுக்குக் கொடுத்தது, வில்லெம் டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணின் ஓவியத்தை. பறங்கி ஓவியத்தைக் கொடுத்துப் பழைய உஸ்தாதுகளை மீட்டார்கள்!)

உண்மையான உஸ்மான் என்ன செய்தார்? 1570-களின் கடைசியில் வரலாற்று எழுத்தாளர் லோக்மான், எல்லா ஒட்டோமான் சுல்தான்களின் தோற்றத்தையும் விவரிக்கும் ஒரு புத்தகம் எழுதினார். ஓவியம் உஸ்மான் பொறுப்பு. பழைய சுல்தான்களின் முகம் எப்படி இருந்தது என்பது சிக்கல். அவர்களுடைய உருவப்படங்கள் பறங்கிகளிடம் இருக்கின்றன என்று தெரிந்து, தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா வழியாக வெனிஸிலிருந்து அவற்றை வரவழைத்தார்கள். 1579-இல் புத்தகம் முடிந்தது. பறங்கி ஓவியர்களின் படங்களைப் பார்த்தோம் என்பதை லோக்மான் முன்னுரையில் மறைக்கவே இல்லை.

அதாவது, நாவலில் எந்தக் குற்றத்துக்காக ஓவியர்கள் சாகிறார்களோ அதே காரியத்தை, கதை நடக்கும் காலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, அந்த உஸ்தாத் உஸ்மானே செய்து முடித்திருந்தார். அதுவும் அரசாங்கச் செலவில், பகிரங்கமாக.

அந்தப் படங்களின் அமைப்பைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். பன்னிரண்டு சுல்தான்களும் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிழல் இல்லை, ஆழம் இல்லை, தட்டையான நிறங்கள். எல்லாம் பழைய முறை. ஆனால் முகங்கள் வேறு வேறு. மூக்கின் வளைவு, தாடியின் வடிவம், உடம்பின் பருமன் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. வெனிஸிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். பறங்கியாக மாறுவது அல்லது கண்ணைக் குத்திக்கொள்வது என்ற இரண்டு வழிதான் நாவலின் உஸ்மானுக்கு. வரலாற்றின் உஸ்மான் மூன்றாவது வழியில் சிரமமில்லாமல் நடந்து போயிருக்கிறார்.

அவருக்கு முன்பும் இது நடந்ததுதான். கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மெதின் அவைக்கு 1479-இல் வெனிஸின் ஜென்டிலே பெல்லினி வந்தார். அவர் வரைந்ததாகக் கருதப்படும் சுல்தானின் படம் லண்டன் நேஷனல் கேலரியின் சேகரிப்பில் இருக்கிறது. அதே காலத்தில் துருக்கிய ஓவியர் ஒருவர் வரைந்த, ரோஜாப் பூவை முகரும் மெஹ்மெதின் படத்தில் முகம் இத்தாலியச் சாயல், உட்காரும் விதம் பாரசீகச் சாயல்.

நாவல் முடியும்போது இந்தக் கலையே வாடி உதிர்ந்துவிட்டது என்ற எண்ணம் வாசகனுக்கு வருகிறது. அதுவும் சரியல்ல. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஹ்மத் நக்ஷி தூரத்தையும் ஆழத்தையும் நுண்ணோவியத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். 1720-இல் நடந்த இன்னொரு சுன்னத்து விழாவை லெவ்னி வரைந்தார். உஸ்மானின் 'சூர்நாமே' போல அதுவும் ஒரு விழாப் புத்தகம்தான். லெவ்னி 1732 வரை வாழ்ந்தவர்.

காபிக் கடைகளைத் தாக்கும் எர்சுரூம் பிரசங்கியின் கூட்டம் பற்றியும் இதே மாதிரிக் கேள்வி வரும். அத்தகைய இயக்கம் காதிஸாதே மெஹ்மெதின் தலைமையில் வலுவடைந்தது 1620-களிலும் 1630-களிலும்தான். பாமுக் அதை ஒரு தலைமுறைக்கு மேல் முன்னால் இழுத்திருக்கிறார். ஆனால் இங்கே அவரைக் குறை சொல்வது கடினம். மூன்றாம் முராத் காலத்திலேயே, 1577-இல் கட்டிய தகியுத்தீனின் வானாய்வுக் கூடத்தை 1580-இல் இடித்துத் தள்ளினார்கள். அந்தக் காலத்தின் அச்சத்தை அவர் பொய்யாகக் காட்டவில்லை.

நாவலாசிரியனுக்கு வரலாற்றை மாற்ற உரிமை உண்டு, இது பாடப்புத்தகம் அல்ல என்பது பாமுக்கின் ரசிகர்கள் சொல்லும் பதில். பிரசங்கி விஷயத்தில் அந்தப் பதில் செல்லும். உஸ்மான் விஷயத்தில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. அவர் தன் வேலையில் பெயர் எழுதாத மனிதர். தன்னைப் பற்றிச் சொந்தமாக ஒரு வரியும் விட்டுப் போகாதவர். இன்று உலகம் முழுக்க அவர் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அறிந்தது அந்த நாவலின் வழியாகத்தான். அவர்கள் மனதில் நிற்பது ஊசியைக் கையில் பிடித்த, புதுமையைக் கண்டு நடுங்கும் ஒரு கிழவர். வெனிஸ் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று யோசித்த தொழில்காரர் அங்கே இல்லை.

அவர் செய்த அந்தச் சுல்தான் வரிசையை அவருக்குப் பின் வந்த அரண்மனை ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். புதிய சுல்தான் பட்டத்துக்கு வந்தால் அதே சம்மணத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். அந்தப் பிரதிகளிலும் உஸ்மானின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.