பழைய படகுகளின் எரிபொருள் தொட்டி

பழைய உல்லாசப் படகை விலை பேசுமுன் சோதிக்க வேண்டியவற்றுள் மிகவும் சிரமம் தருவது அதன் எரிபொருள் தொட்டி. எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்கலாம். தொட்டியோ பெரும்பாலும் தளத்துக்குக் கீழே, எஞ்சினுக்கும் படகுச் சுவருக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில் இருக்கும். பல படகுகளில் தொட்டியை முதலில் வைத்துவிட்டு, அதன்மேல் தளத்தைப் போட்டு மூடியிருப்பார்கள். அதனால் படகைச் சோதிக்கும் ஆய்வரின் அறிக்கை கண்ணுக்குத் தெரிந்த பக்கங்களைப் பற்றி மட்டுமே பேசும்.

உலோகத் தொட்டியை அழிப்பது பெரும்பாலும் எரிபொருள் அன்று, தண்ணீர். அது வெளியிலிருந்தே அதிகம் வருகிறது. 1970, 80களில் தைவானில் கட்டப்பட்டு அமெரிக்காவில் விற்பனையான டிராலர் வகைப் படகுகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அவற்றின் டீசல் தொட்டிகள் ‘கறுப்பு இரும்பு’ எனப்படும் சாதாரண எஃகுத் தகட்டால் ஆனவை. மேல்தளத்தில் தேக்குப் பலகைகளைத் திருகாணிகளால் இறுக்கியிருந்தார்கள். பலகை இடுக்குகளில் அடைத்த பசை காய்ந்து வெடித்ததும், மழைநீர் திருகாணித் துளைகளின் வழியே இறங்கித் தொட்டியின் தலையில் சொட்டியது. மேல்தகடு சற்றே குழிந்திருந்தால் நீர் அங்கேயே தேங்கும். உட்புறம் டீசல் படிந்து பளபளப்பாக இருக்க, வெளிப்புறம் துரு செதில் செதிலாக உதிரும். ஆகவே இவ்வகைப் படகில் தொட்டிக்கு முன்பே தளத்தைப் பார்க்க வேண்டும். நிரப்பு வாயின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, வாயைச் சுற்றிப் பலகை கறுத்திருக்கிறதா என்பவை தொட்டியைப் பற்றிய சாட்சியங்கள்.

அலுமினியத்தின் கதை வேறு. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அதன்மேல் உருவாகும் ஆக்சைடு படலம் அதைக் காக்கும். ஈரம் ஊறிய நுரைப்பஞ்சோ மரக்கட்டையோ தகட்டை ஒட்டிக் கிடந்தால், காற்றுக் கிடைக்காமல் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. அந்த இடத்தில் குழி விழும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அடியில் இன்னும் அதிகம் இருக்கும் என்று கொள்வதே நல்லது. பித்தளை இணைப்பு நேரடியாக அலுமினியத்தில் பொருத்தப்பட்டு உப்புநீரும் சேர்ந்தால் அரிப்பு விரைவுபடும். அமெரிக்க விதிகளின்படி, படகினுள்ளே பெட்ரோல் எஞ்சின் பொருத்திய படகுகளின் நிலையான தொட்டியில் தயாரித்த ஆண்டு, பொருள், கொள்ளளவு, தாங்கும் அழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் பெயர்த்தகடு இருக்க வேண்டும். அதைப் படித்தால் தொட்டியின் வயது விற்பவர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

கண்ணாடியிழைத் தொட்டி துருப்பிடிக்காது. ஆனால் 2004இல் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் எம்.டி.பி.இ. என்னும் பெட்ரோல் சேர்மத்தைத் தடை செய்து, 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியபோது, 1980களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய பெட்ரோல் படகுகள் சிலவற்றில் தொட்டியின் பிசின் கரைந்தது. கரைந்தது எஞ்சினுக்குள் போய், வால்வுகளில் கறுப்புத் தாராகப் படிந்தது. டீசல் தொட்டிகளுக்கு இந்த ஆபத்து இல்லை.

சோதனைக்கு முதல் கருவி மூக்கு. தளத்தின் திறப்பு மூடிகளை இரவு முழுவதும் அடைத்துவைத்துக் காலையில் திறந்தால், கசிவின் நெடி முகத்தில் அடிக்கும். டீசல் கசிவு அழுக்கும் செலவும். பெட்ரோல் கசிவோ உயிரோடு விளையாடுவது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். படகைக் காட்டும்போது தொட்டி பாதி நிரம்பியிருந்தால், மேல்பாதியிலுள்ள ஓட்டை தெரியாது. ஆய்வுக்கு முன் தொட்டியை நிரப்பச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் உறிஞ்சிய டீசல் மாதிரியில் நீர் தனியாகப் பிரிந்து நின்று, இரண்டுக்கும் இடையே கறுப்புக் கோழை போன்ற படலம் மிதந்தால், அது நீரும் டீசலும் சேருமிடத்தில் வளரும் பூஞ்சைதான். அதன் அமிலம் தகட்டை உள்ளிருந்தும் அரிக்கும்.

உறுதியான விடை வேண்டுமானால் காற்றழுத்தச் சோதனை. எல்லாக் குழாய்களையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு சுமார் 3 பவுண்டு அளவில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அளவு மீறினால் நல்ல தொட்டியின் தையலும் பிரியும். பெட்ரோல் தொட்டியில் இதைத் தொழில் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும்.

தொட்டி போய்விட்டால் புதிய தொட்டியைவிட, பழையதை வெளியே எடுக்கும் கூலிதான் பெரிய செலவு. எஞ்சினைத் தூக்க வேண்டியிருக்கும், அல்லது தளத்தை அறுக்க வேண்டியிருக்கும். பலர் பழையதை உள்ளேயே சுத்தம் செய்து, துண்டுகளாக வெட்டி எடுத்துவிட்டு, கதவு வழியே நுழையக்கூடிய இரண்டு மூன்று சிறிய தொட்டிகளைப் பொருத்துகிறார்கள். விலை பேசும்போது இந்த வேலைக்கான மதிப்பீட்டைப் படகுப் பட்டறையிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.