டிஃபரென்ஷியல் பூட்டு: புதிதாகப் பொருத்திய பின் பழுதறிதல்

டிஃபரென்ஷியல் பூட்டு என்பது ஒரே அச்சில் உள்ள இடது, வலது சக்கரங்களை ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கும் இயந்திர அமைப்பு ஆகும். சேறு, மணல், பாறை ஆகியவை நிறைந்த பாதைகளில் செல்லும் வண்டிகளில் இது பயன்படுகிறது. இதைப் புதிதாகப் பொருத்திய பின் கேட்கும் ஒலிகள் எல்லாம் பழுதின் அறிகுறிகள் அல்ல. இயல்பான ஒலியைப் பழுதெனக் கருதி நல்ல அச்சைப் பிரிப்பதும், உண்மையான பழுதை இயல்பெனக் கருதி வண்டியை ஓட்டிப் பற்சக்கரங்களை உடைப்பதும் உண்டு. எனவே இரண்டையும் பிரித்தறிதல் முக்கியமானது.

இயங்கும் முறை

சாதாரண டிஃபரென்ஷியல், வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல இடமளிக்கிறது. ஆனால் இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே அது தருகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால், அதைச் சுழற்றத் தேவையான சிறிதளவு விசையே மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நகராது. பூட்டு இயங்கும்போது, நிலத்தில் பிடிப்புள்ள சக்கரம் தன் பிடிப்புக்கு ஏற்ற விசையைப் பெறுகிறது.

வகைகள்

* ஓட்டுநர் விரும்பும்போது பூட்டும் வகை: காற்றழுத்தம், மின்காந்தம் அல்லது கம்பிவடம் மூலம் இயங்கும். 2003 ஆம் ஆண்டின் ஜீப் ராங்ளர் ரூபிக்கன் வண்டியில் முன், பின் அச்சுகள் இரண்டிலும் காற்றழுத்தப் பூட்டுகள் இருந்தன.
* தானியங்கி வகை: நேர்ப்பாதையில் பூட்டிய நிலையில் இருந்து, திரும்பும்போது மட்டும் வெளிப்புறச் சக்கரத்தை விடுவிக்கும்.
* வேக வேறுபாட்டால் பூட்டும் வகை: ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்ற பின்னரே பூட்டும். 2020 இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் பின் அச்சில் இவ்வகை இடம்பெற்றது.

முதல் சோதனை

விரும்பும்போது பூட்டும் வகை பின் அச்சில் இருப்பின், அது உண்மையில் பூட்டுகிறதா என்பதை அச்சைப் பிரிக்காமலே அறியலாம். சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கைப்பிரேக்கு பின் சக்கரங்களைப் பிடிப்பதாயின் அதை விடுவித்து, வண்டியைக் கியரில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும்.

பூட்டு திறந்திருந்தால் மற்றச் சக்கரம் எதிர்த் திசையில் சுழலும். பூட்டியிருந்தால், பற்சக்கர இடைவெளி அளவுக்கு அசைந்து இரு சக்கரங்களும் நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு எரிவது சான்று ஆகாது. பல அமைப்புகளில் சுவிட்சு போடப்பட்டதை மட்டுமே அது காட்டுகிறது.

இயல்பானவை

* தானியங்கி வகையில், திரும்பும்போது "டிக் டிக்" என்ற ஒலி கேட்கும். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ விட்டாலோ "டக்" என்று அடிக்கக்கூடும்.
* பூட்டின் பற்கள் நேருக்கு நேர் வரும்வரை பூட்டு விழாது. வண்டி சிறிது நகர்ந்ததும் விழும்.
* சுவிட்சை அணைத்த பின்னும் சில வேளைகளில் பூட்டு விடாது. அச்சில் முறுக்கம் இருப்பதே காரணம். ஸ்டியரிங்கை நேராக்கி, சற்றுப் பின்னோக்கி நகர்த்தினால் விடும்.

நேர்ப்பாதையிலும் தானியங்கி வகை இடைவிடாது ஒலி எழுப்பினால், முதலில் இரு டயர்களின் காற்றழுத்தத்தையும் சுற்றளவையும் ஒப்பிட வேண்டும். தேய்ந்த டயரும் புதிய டயரும் ஒரே அச்சில் இருப்பது இதற்குப் பொதுவான காரணம்.

காற்றழுத்த அமைப்பின் பழுதுகள்

பூட்டு போடாதபோதும் கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால், தொட்டி, கம்ப்ரசர் அல்லது அவற்றின் இணைப்புகளில் கசிவு உள்ளது. பூட்டு போட்டபோது மட்டும் ஓடினால், வால்வுக்கு அப்பால் உள்ள குழாயிலோ அச்சினுள் உள்ள ரப்பர் வளையங்களிலோ கசிவு உள்ளது. வெளி இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் இடத்தைக் காட்டும். குழாய் புகைக்குழாயின் அருகே உருகியுள்ளதா, அச்சு மேலும் கீழும் அசையும்போது இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெளியே கசிவு இல்லையெனில், காற்று அச்சின் உள்ளே கசிகிறது. அப்போது அச்சின் மூச்சுக்குழாய் வழியே காற்று வெளிவரும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் எண்ணெயை அச்சு முனைகளிலுள்ள சீல்களைத் தாண்டித் தள்ளி, பிரேக்கில் படச் செய்யலாம். ஆதலால் இக்கசிவை அற்பமானதாகக் கருதக் கூடாது. வால்வின் வெளியேற்றுத் துளையில் எண்ணெய் தெறிப்பதும் உள் வளையங்கள் சேதமுற்றதன் அறிகுறியாக இருக்கலாம்.

மின் அமைப்பின் பழுதுகள்

பியூஸ், ரிலே, எர்த் இணைப்பு என்ற வரிசையில் சோதிப்பது நன்று. சுவிட்சு போட்ட நிலையில் சுருளின் முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்கலத்தின் அளவைவிட அது மிகக் குறைவாக இருந்தால், மெல்லிய கம்பியோ துருப்பிடித்த எர்த் இணைப்போ காரணமாகும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் பூட்டு விழாவிடில், சுருளின் தடையை அளந்து தயாரிப்பாளர் தரும் அளவுடன் ஒப்பிட வேண்டும்.

பற்சக்கர ஒலிகள்

பூட்டைப் பொருத்தும்போது கிரவுன் பற்சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால், அதற்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளியை மீண்டும் அமைக்க வேண்டும். பல வண்டிகளில் இது சுமார் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். வேகத்துடன் கூடும் ஊளை ஒலி புதிதாகத் தோன்றினால், இந்த இடைவெளியையும் பேரிங்குகளின் முன்னிறுக்கத்தையும் ஐயுற வேண்டும். பற்களில் அடையாளச் சாயம் தடவிச் சுழற்றினால், அவை பொருந்தும் இடம் தெரியும். கியர் போடும்போது கேட்கும் உரத்த அடிப்பொலிக்கு, தளர்ந்த கிரவுன் போல்ட்டுகளும் காரணமாகலாம்.

முதல் எண்ணெயை வடிக்கும்போது காந்தத்தில் நுண்ணிய சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. கையில் உணரத்தக்க உலோகத் துண்டுகள் இருந்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்தி அச்சைத் திறந்து பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்திய நிலையில், பூட்டிய அச்சுக்கு எஞ்சின் விசையைத் தரக் கூடாது. நிலத்தில் உள்ள சக்கரம் வண்டியைத் தாங்கியிலிருந்து தள்ளிவிடும். பிடிப்புள்ள தார்ச்சாலையில் பூட்டைப் போட்டு ஓட்டினால் டயர்கள் தேய்வதோடு அச்சுத் தண்டுகளும் முறுக்கமடையும். வழுக்கும் பக்கச்சரிவில் பூட்டிய அச்சின் இரு சக்கரங்களும் ஒருசேரப் பிடிப்பிழந்து, வண்டி சரிவில் பக்கவாட்டாக நழுவக்கூடும். முன் அச்சு பூட்டப்பட்டால் ஸ்டியரிங் கடினமாகும். எனவே தேவை முடிந்தவுடன் அதை விடுவிப்பது வழக்கம்.

இவற்றையும் பார்க்கவும்

* பற்சக்கரம்
* முறுக்குவிசை
* நான்கு சக்கர இயக்கம்