ஐரோப்பிய ஆற்றுக்கப்பல் பயணம்: முற்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு ஐரோப்பாவைக் காட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு ஆற்றுக்கப்பல் நல்ல தெரிவு. பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் ஒரு கிழமைக்கு மூடத் தேவையில்லை. கடல்போல அலை இல்லாததால் தலைசுற்றலும் வாந்தியும் பெரும்பாலும் வராது. காலையில் எழும்பும்போது கப்பல் அடுத்த நகரின் கரையில் நிற்கும். ஆனால் சொகுசு வகைப் பயணத்துக்கு ஒருவருக்கே பல ஆயிரம் யூரோ முடியும். பலருக்கு அது வாழ்வில் ஒருமுறை மட்டும் செலவிடக்கூடிய தொகை.

விளம்பரங்கள் கப்பலின் அலங்காரத்தில் தொடங்குகின்றன. தெரிவு அங்கே தொடங்கக்கூடாது. முதலில் ஆறு, பிறகு மாதம், பிறகு பயண ஆவணம், பிறகு அறை. நிறுவனத்தின் பெயர் கடைசியாக வரட்டும்.

எந்த ஆறு?

ரைன்: நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாமுக்கும் சுவிஸின் பாசலுக்கும் இடையிலான 7 இரவுப் பயணமே முதல்முறை செல்வோர் அதிகம் தெரிவு செய்வது. கொலோன், ஸ்ராஸ்பூர்க் ஆகிய நகரங்கள் வழியில் வரும். கோட்டைகள் நிறைந்த, சுமார் 65 கிலோமீற்றர் நீளமான நடு ரைன் பள்ளத்தாக்கு 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதியைக் கப்பல் பகலில் கடக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள்.

டான்யூப்: 10 நாடுகளைத் தொட்டுச் செல்லும் 2,850 கிலோமீற்றர் ஆறு. ஜேர்மனியின் பசாவுவிலிருந்து வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாகப் புடாபெஸ்ட் செல்லும் ஒரு கிழமைப் பயணம் பிரபலமானது. அதற்குக் கிழக்கே குரோஷியா, சேர்பியா, பல்கேரியா, ருமேனியா என்று நீளும் பயணங்களும் உள்ளன.

டூரோ: போர்த்துக்கலின் மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஓடுவது. இரவில் கப்பல் ஓடாது என்பதால் எல்லாக் காட்சியும் பகலில் கிடைக்கும். ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தொடக்கூடும். வயதானவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

சென்: பரிஸிலிருந்து நோர்மண்டி வரை சென்று திரும்புவது. முழுவதும் பிரான்ஸுக்குள் இருப்பதால் எல்லை கடக்கும் சிக்கல் இல்லை.

எந்த மாதம்?

கடற்பயணத்தில் புயலுக்குப் பயப்படுவோம். ஆற்றில் பயப்பட வேண்டியது நீர்மட்டத்துக்கு. நீர் குறைந்தால் கப்பல் தரைதட்டும். கூடினால் பாலங்களின் கீழ் நுழைய முடியாது. ரைனில் ஜேர்மனியின் கௌப் என்ற இடத்தில் உள்ள அளவுகோல் 2018 ஒக்ரோபரில் 25 சென்ரிமீற்றர் வரை இறங்கியது. இது ஆற்றின் முழு ஆழம் அல்ல, கப்பல்கள் எவ்வளவு தாழலாம் என்பதைக் கணிக்கும் குறியீடு. 2022 ஓகஸ்ற்றிலும் அது 40க்குக் கீழே போனது. மறுபக்கத்தில், 2024 ஜூனிலும் செப்ரெம்பரிலும் வெள்ளத்தால் டான்யூப்பின் சில பகுதிகளில் கப்பல் போக்குவரத்து நின்றது.

எந்த மாதமும் முழுப் பாதுகாப்பு இல்லை. பொதுவாக கோடை இறுதியும் இலையுதிர் காலத் தொடக்கமும் நீர் குறையும் காலம். பனி உருகலும் மழையும் சேரும் வசந்தத்தில் நீர் கூடலாம். கப்பல் ஓடாவிட்டால் நிறுவனங்கள் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, தடைப்பட்ட பகுதிக்கு அப்பால் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றும். சிலவேளை ஹோட்டலில் தங்க வைக்கும். அட்டவணையை மாற்றும் உரிமை தமக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அப்போது எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கடவுச்சீட்டும் விசாவும்

நம்மவர்களுக்குப் பணம் வீணாகக்கூடிய இடம் இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். கனடாவிலோ பிரித்தானியாவிலோ நிரந்தர வதிவிடம் இருந்தாலும், கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால் இதே நிலைதான். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே கப்பல் எந்த நாட்டில் எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதியும் கட்டாயம்.

சேர்பியா ஷெங்கனுக்கு வெளியே உள்ளது. பெல்கிரேட்டில் நிற்கும் கப்பல் ஷெங்கனை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறது. ஒருமுறை மட்டும் நுழையும் விசா இதற்குப் போதாது, பலமுறை நுழையும் விசா தேவை. அகதிகளுக்கான பயண ஆவணத்தில் ஐரோப்பாவில் வாழ்பவர்கள் ஷெங்கனுக்குள் வதிவிட அட்டையுடன் பயணிக்கலாம். சேர்பியா வழித்தடம் என்றால் அந்த நாட்டின் தூதரகத்திடம் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. கப்பல் நிறுவனமோ முழுப் பணத்தையும் பல மாதங்களுக்கு முன்பே கேட்கலாம். விசா மறுக்கப்பட்டால் பல காப்புறுதிகள் இழப்பீடு தருவதில்லை. மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் பணம் திரும்புமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே முற்பணம் கட்டுங்கள்.

எந்த அறை?

ரைன், டான்யூப் கப்பல்கள் பொதுவாக 110 அல்லது 135 மீற்றர் நீளமும், நீர்மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளுக்குள் நுழைவதற்காக 11.4 மீற்றர் அகலமும் கொண்டவை. அடித்தளத்து அறை மலிவு, ஆனால் அதன் யன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும், திறக்க முடியாது. நடுத்தளமும் மேல்தளமும் விலை கூட. பின்பக்க அறைகளில் இயந்திரச் சத்தம் கேட்கலாம். பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்குமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: நெரிசலான துறைகளில் கப்பல்களை அருகருகே கட்டுவார்கள். அப்போது உங்கள் யன்னலுக்கு முன்னால் அடுத்த கப்பலின் யன்னல்தான் தெரியும்.

முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு இதுவே சிரமம். கரைக்குப் போக மற்றக் கப்பல்களின் ஊடாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பல கப்பல்களில் லிப்ட் எல்லாத் தளங்களுக்கும் போகாது. பழைய நகரங்களின் தெருக்கள் கல் பதித்தவை. மெதுவாக நடப்போருக்கான தனிக்குழு உண்டா என்று கேளுங்கள்.

துணையை இழந்து தனியே வரும் அம்மாமாருக்கு இன்னொரு செலவு உண்டு. கட்டணங்கள் இருவர் ஓர் அறையில் தங்குவதாகக் கணக்கிடப்படுகின்றன. தனியாள் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், சிலவேளை அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதைக் குறைக்கும் திகதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த நிறுவனம்?

சீனிக், டோக் போன்றவை பரிசுப்பணம் உட்படப் பெரும்பாலான செலவுகளைக் கட்டணத்திலேயே சேர்க்கின்றன. வைக்கிங் நிறுவனத்தில் ஒவ்வொரு துறையிலும் ஒரு சுற்றுலா சேர்ந்திருக்கும், 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. பேரப்பிள்ளைகளுடன் போவதானால் அது பொருந்தாது. விலையை ஒப்பிடும்போது விமானம், சுற்றுலா, பானங்கள், பரிசுப்பணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சைவ உணவும் சோறும் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள்.

கரையில் காண்பவை

இந்த ஆறுகள் போரையும் கண்டவை. புடாபெஸ்ட் கரையில், 1944–45 காலத்தில் சுட்டு ஆற்றில் தள்ளப்பட்ட யூதர்களின் நினைவாக 60 சோடி இரும்புச் சப்பாத்துகள் 2005 முதல் உள்ளன. குரோஷியாவின் வுகோவாரில், 1991இல் 87 நாள் முற்றுகையில் எறிகணைகளால் துளைக்கப்பட்ட தண்ணீர்த் தாங்கியை ஓட்டைகளை அடைக்காமலே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சுற்றுலாத் தலமாக இராது. மற்றவர்கள் தங்கள் இழப்பை எப்படிப் பேணுகிறார்கள் என்று சிலர் பார்க்க விரும்புவார்கள். சிலருக்கு அது பழைய புண்ணைக் கிளறும். கரைச் சுற்றுலாக்களைத் தெரிவு செய்யுமுன் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். போக விருப்பமில்லை என்றால் அன்று கப்பலின் மேல்தளத்தில் இருந்து தேநீர் குடிக்கலாம், அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.