நான்கு சாயல் திரை வென்ற கதை



பழைய வீடியோ கேம்களின் படத்தரமே போதுமானதாக இருந்ததா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வாதாடுகிறார்கள். வரலாற்றைக் கேட்போம்.

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். திரையில் வண்ணம் இல்லை, விளக்கும் இல்லை, நான்கே சாயல்கள். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் ஒளிரும் வண்ணத் திரையுடன் கேம் கியரைக் கொண்டுவந்தது. படத்தில் அதுவே மேல். ஆனால் அது 6 பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் 4 பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் அது சுமார் 90 டாலர். கேம் கியர் 150 டாலர். அங்கே கேம் பாயுடன் தந்த டெட்ரிஸை ஆட, கட்டைகளின் வடிவம் தெரிந்தாலே போதும். விற்பனையில் வென்றது கேம் பாய்தான்.

இதை வைத்து, எளியது எப்போதும் வெல்லும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே யோகோய் 1995இல் தந்த வர்ச்சுவல் பாய் சிவப்பு நிறம் மட்டுமே காட்டியது, கண்ணும் வலித்தது. ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64இன் முப்பரிமாண உலகமோ பழைய கருவிகளுக்கு எட்டாதது.

ஆகவே "போதுமா?" என்று கேட்டால், "எந்த ஆட்டத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பழைய விளையாட்டு எது? காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது!