பெண்கள் தந்த பணம், பெண்ணுக்கு மறுத்த பரிசு

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1870-ஆம் ஆண்டு வேதியியல் தேர்வு முடிவுகள் வெளியாயின. எடித் பீச்சி என்ற 24 வயதுப் பெண்ணுக்கு மூன்றாம் இடம். அவருக்கு மேலே இருந்த இரண்டு ஆண்களும் அதே பாடத்தை முன்பே ஒருமுறை படித்தவர்கள். முதல்முறை படிப்பவர்களுக்குத்தான் ஹோப் உதவித்தொகை என்பது விதி. ஆகவே பட்டியலின் முதல் பெயராக பீச்சியின் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால், அவரைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஆண்களுக்கு அந்த உதவித்தொகை போய்ச் சேர்ந்தது.

இது ஏன் நடந்தது என்று புரிய, அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நகரம் கட்டிய கல்லூரி

ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களான செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன் மூன்றும் போப்பாண்டவரின் ஆணையால் பிறந்தவை. எடின்பரோ அப்படியில்லை. 1582-இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் நகர மன்றத்துக்கு ஒரு சாசனம் கொடுத்தார். மறு ஆண்டே வகுப்புகள் தொடங்கின. ஊர்க்காரர்கள் அதை 'நகரத்தின் கல்லூரி' என்றே அழைத்தார்கள். கல்லூரிக்குக் கிடைத்த இடம் சாதாரண இடமல்ல. 1567-இல் மன்னரின் தந்தை டார்ன்லி பிரபு கொல்லப்பட்ட அதே கர்க் ஓ ஃபீல்டு வளாகம் அது.

'பழைய கல்லூரி' என்று இன்று சொல்லப்படும் பெரிய நாற்சதுரக் கட்டடமும் அங்கேதான் எழுந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் திட்டப்படி 1789-இல் அடிக்கல் நாட்டினார்கள். மூன்றே ஆண்டில் ஆடம் இறந்தார். பிறகு போர் வந்தது, பணம் வற்றியது, சுவர்கள் பாதியில் நின்றன. பல ஆண்டுகள் கழித்து வில்லியம் பிளேஃபேர் என்பவர்தான் வேலையை முடித்தார். உச்சியில் இருக்கும் குவிமாடம் 1887-இல்தான் வந்தது.

மருத்துவப் புலம் 1726-இல் தொடங்கி, உலகெங்கிலுமிருந்து மாணவர்களை ஈர்த்தது. 1825-இல் மருத்துவம் படிக்க வந்த சார்லஸ் டார்வினுக்கு அங்கே பெரும்பாலான விரிவுரைகள் சலிப்பூட்டின. அவருக்குப் பிடித்தவை தாமஸ் சார்லஸ் ஹோப்பின் வேதியியல் விரிவுரைகள்தான்.

ஹோப் சேர்த்த பணம்

தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதைச் சோதனையால் நிறுவியவர் இந்த ஹோப். மேடையில் சோதனைகளைச் செய்துகாட்டுவதில் தேர்ந்தவர். 1820-களில் அவர் நகரப் பெண்களுக்கென்று வேதியியல் சொற்பொழிவுகள் நடத்தினார். கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தக் கட்டண வருவாயைக் கொண்டுதான் அவர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பரிசு நிதியை நிறுவினார்.

பெண்கள் கொடுத்த காசில் பிறந்த அந்த நிதி, நாற்பதாண்டு கழித்து ஒரு பெண் வென்றபோது அவருக்கு மறுக்கப்பட்டது.

மறுத்தவர் பேராசிரியர் அலெக்ஸாண்டர் கிரம் பிரவுன். வேதிச் சேர்மங்களின் அமைப்பைக் கோடிட்டுப் படமாக வரையும் முறையை வளர்த்தெடுத்த பெரிய அறிஞர். பெண்களுக்குத் தனி வகுப்பு நடந்ததால், பீச்சியை முறையான வேதியியல் வகுப்பின் மாணவராகக் கருத முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்களைத் தனி அறையில் உட்கார வைத்ததும் பல்கலைக்கழகம்தான், அதையே குறையாகச் சொன்னதும் பல்கலைக்கழகம்தான். உதவித்தொகையோடு சேர்ந்தது ஆய்வகத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமை. பீச்சி இழந்தது பணத்தோடு ஆய்வகத்தையும்தான்.

செய்தித்தாள்கள் இதை எடுத்துக்கொண்டன. பெண்கள் படிப்பதற்கு எதிர்ப்பும் வலுத்தது. 1870 நவம்பர் 18 அன்று, சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் தலைமையிலான பெண்கள் உடற்கூறியல் தேர்வு எழுத 'சர்ஜன்ஸ் ஹால்' போனபோது, வாசலை அடைத்து நின்ற கும்பல் அவர்கள்மீது சேற்றை வாரி எறிந்தது. தேர்வு நடக்கும்போது கூடத்துக்குள் ஓர் ஆட்டைத் தள்ளிவிட்டார்கள். சேறு படிந்த உடையோடு அந்தப் பெண்கள் தேர்வை எழுதி முடித்தார்கள். 1873-இல் நீதிமன்றமும் கைவிட்டது. 'எடின்பரோ எழுவர்' எனப்பட்ட பீச்சி, ஜெக்ஸ்-பிளேக் உள்ளிட்ட ஏழு பெண்களும் பட்டமின்றி வெளியேறினார்கள்.

மெட்ராஸ் திறந்த கதவு

இரண்டே ஆண்டில், 1875-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்குத் துணை நின்ற தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபோர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர்.

பீச்சி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் போய் 1877-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1883 இறுதியில் பம்பாய் வந்து, பார்சி வணிகர் காமா கொடுத்த நன்கொடையால் எழுந்த காமா மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

அவர் பம்பாய்க்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, 1882-இல், வங்கத்து இளைஞர் ஒருவர் எடின்பரோவுக்குக் கப்பலேறினார். பிரஃபுல்ல சந்திர ராய். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்து இந்துஸ்தானி ஆராய்ந்த எடின்பரோக்காரர் ஜான் கில்கிறிஸ்டின் சொத்திலிருந்து வழங்கப்பட்ட உதவித்தொகை அவரை அழைத்துப்போனது. அங்கே அவருடைய ஆசிரியர், அதே கிரம் பிரவுன். ராய் 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து அவருக்குக் கிடைத்தது ஹோப் பரிசு. அதை வைத்துக்கொண்டு மேலும் ஓராண்டு ஆய்வு செய்தார்.

ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்கு ராயின் வாழ்க்கையே சான்று. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆய்வு மரபை வளர்த்தார், பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், தன் சம்பளத்தின் பெரும்பகுதியை மாணவர்களுக்கே செலவிட்டார். அன்று பீச்சிக்கும் அந்த ஆய்வகம் கிடைத்திருந்தால் வேதியியலுக்கு என்ன வந்து சேர்ந்திருக்கும்? அந்த இழப்புக்குக் கணக்கே கிடையாது.

இன்று விண்ணப்பிப்பவர்களுக்கு

எடின்பரோ 1892-இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. மறு ஆண்டு எட்டுப் பெண்கள் பட்டம் பெற்றார்கள். 2019 ஜூலை 6 அன்று, மதுபான ஆலை அதிபர் வில்லியம் மெக்ஈவன் கட்டிக்கொடுத்த மெக்ஈவன் மண்டபத்தில், எழுவருக்கும் மருத்துவப் பட்டம் வழங்கப்பட்டது. அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டவர்கள் இன்றைய மாணவிகள்.

இப்போது வேதியியல் படிக்கப் போகும் மாணவர்கள் நகரின் தெற்கே, 1920-இல் அடிக்கல் நாட்டிய கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகத்துக்குப் போகிறார்கள். பிரிட்டனில் பாடவழி முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். செலவோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் உருவான காமன்வெல்த் உதவித்தொகையும், 1983-இல் தொடங்கிய செவனிங் உதவித்தொகையும் கல்விக் கட்டணம், விமானச் செலவு, தங்கும் செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன. செவனிங்குக்குப் பணி அனுபவம் வேண்டும். இரண்டிலும் படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும்.

விண்ணப்பிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற பகுதியை வரிக்கு வரி படியுங்கள். ஒரு நிதியை யார் கொடுத்தார்கள் என்பதைவிட, அது யாருக்குப் போகும் என்று தீர்மானிக்கும் விதியே வலியது. அதைத்தான் பீச்சி அனுபவித்தார். தகுதி இருந்தும் விதி குறுக்கே நின்றால், எழுதிக் கேளுங்கள். பேசாமல் ஒதுங்கிவிடாதீர்கள். எடின்பரோவின் விதிகள் மாறியது, கேட்பதை நிறுத்தாத பெண்கள் இருந்ததால்தான்.

பீச்சி 1908-இல் மறைந்தார். அதன்பின் அவர் கணவர், லண்டன் மகளிர் மருத்துவக் கல்லூரியில் மனைவியின் பெயரில் ஓர் உதவித்தொகையை நிறுவினார். அது பெண்களுக்கே வழங்கப்பட்டது.

*அடுத்த இதழில்: பம்பாயில் பீச்சி துணை நின்ற ருக்மாபாய், நீதிமன்றத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன கதை.*