மார்க் இருக்கு... ஸ்காலர்ஷிப் ஏன் வரல? ஹானர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஸ்வீட் பாக்ஸ் காலியாவதற்குள் வீட்டில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒண்ணு, "பி.எஸ்சி படிச்சு என்ன பண்ணப் போற?" இன்னொண்ணு, "ஃபீஸுக்கு எங்க போறது?" நல்ல மார்க் எடுத்தவர்கள் இரண்டாவது கேள்விக்கு ரொம்ப கான்ஃபிடன்ட்டா ஒரு பதில் சொல்வார்கள்: "இவ்ளோ மார்க் எடுத்திருக்கேன்ல, ஸ்காலர்ஷிப் கிடைக்கும்."

கிடைக்கலாம். ஆனால், தானாகக் கிடைக்காது. மார்க் என்பது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டும்தான். ஹானர்ஸ் படிப்பில் இடம் பிடிக்க ஒரு விண்ணப்பம், உதவித்தொகைக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம். முதலாவது பெரும்பாலும் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். இரண்டாவது, கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் திறக்கும். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹானர்ஸ்னா என்ன ஸ்பெஷல்?

ஒரு பாடத்தை மேலோட்டமாகப் படிக்காமல், ஆழமாகப் படிக்கும் பட்டப்படிப்புதான் ஹானர்ஸ். யு.ஜி.சி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறைப்படி, 3 ஆண்டுகளில் 120 கிரெடிட் முடித்தால் சாதாரணப் பட்டம். 4 ஆண்டுகளில் 160 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ் பட்டம். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் எடுப்பவர்கள், நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆராய்ச்சி ப்ராஜெக்ட் செய்து 'ஹானர்ஸ் வித் ரிசர்ச்' பட்டம் வாங்கலாம்.

இதனால் என்ன லாபம்? 4 ஆண்டுப் படிப்பை 75 சதவிகிதத்துடன் முடித்தால், முதுகலை இல்லாமலேயே நேரடியாக பி.ஹெச்டி-க்கு விண்ணப்பிக்கலாம். முதுகலை வேண்டும் என்றால், அதை ஒரே ஆண்டில் முடிக்கும் வாய்ப்பும் உண்டு.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுப் பட்டம்தான் தொடர்கிறது. மூணு வருஷ பி.எஸ்சி எடுத்தால் ஸ்காலர்ஷிப் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே சொல்லப்போகும் இரண்டு உதவித்தொகைகளுக்கும் ஹானர்ஸ் கட்டாயமில்லை.

முதல் விண்ணப்பம்: ரிசல்ட்டுக்கு முன்னாடியே!

ஹானர்ஸ் அல்லது ஆராய்ச்சி சார்ந்த இளநிலைப் படிப்புக்குப் பல வழிகள் உண்டு. முக்கியமானவை இவை.

* க்யூட் தேர்வு: டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம் ஹானர்ஸ் தொடங்கி, நம்ம திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் வரை இந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே, நீங்கள் சேர நினைக்கும் படிப்பு எந்தெந்தப் பாடங்களில் தேர்வு எழுதச் சொல்கிறது என்று பார்த்து, அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான பாடத்தில் எவ்வளவு நல்ல மார்க் எடுத்தாலும் அந்தப் படிப்புக்கு அது உதவாது. தேர்வு எழுதிய பிறகு, பல்கலைக்கழகத்தின் சேர்க்கை தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

* ஐ.ஏ.டி தேர்வு: திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு ஊர்களில் இருக்கும் ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யின் நான்காண்டு பி.எஸ் ரிசர்ச் படிப்புக்கும் இந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

* சி.எம்.ஐ தேர்வு: சென்னை சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் சார்ந்த பி.எஸ்சி ஹானர்ஸ் படிப்புகள் உள்ளன. இதற்கு அவர்களே தனியாகத் தேர்வு நடத்துகிறார்கள். கணக்கைப் போட்டு விடையை மட்டும் சொல்வதோடு முடியாது. ஏன் அப்படி என்று நிரூபித்தும் எழுத வேண்டும்.

* அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம்: நான்காண்டு ஹானர்ஸ் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. இங்கே கட்டண உதவி, மார்க்கைப் பார்த்து அல்ல, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். பப்ளிக் எக்ஸாம் டென்ஷனில் இருக்கும் நேரம் அது. "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டால், ரிசல்ட் வரும்போது கதவு மூடியிருக்கும்.

இரண்டாவது விண்ணப்பம்: இன்ஸ்பயர்

"பி.எஸ்சி-யா?" என்று வீட்டில் தயங்குபவர்களிடம் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வழங்கும் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். மீதி 20,000 ரூபாய், கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரிடம் ப்ராஜெக்ட் செய்வதற்காக. முதுகலை வரை தொடர்ந்தால் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 12,000 இடங்கள்.

யாருக்குக் கிடைக்கும்? உங்கள் போர்டில் ப்ளஸ் டூ எழுதியவர்களில் முதல் 1 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகளில் முதல் 10,000 ரேங்குக்குள் வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டே ப்ளஸ் டூ முடித்து, அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி., பி.எஸ்., அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி-யில் சேர்ந்திருக்க வேண்டும். முதல் 1 சதவிகிதத்துக்கான கட்-ஆஃப் போர்டுக்கு போர்டு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் சீனியரின் கட்-ஆஃபை வைத்து "நமக்கு வராது" என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய கண்டிஷன் இருக்கு. இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், புவியியல் ஆய்வான ஜியாலஜி என 18 பாடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருக்கும் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுத்திருக்க வேண்டும். இன்ஜினீயரிங், மருத்துவம், கம்ப்யூட்டர் சயின்ஸ், பயோடெக்னாலஜி எல்லாம் இதில் வராது. அட்மிஷன் போடும் முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை.

அறிவியல் இல்லையா? அப்போ இது!

காமர்ஸ், ஆர்ட்ஸ் எடுத்தவர்களுக்கும் சேர்த்து இருக்கிறது மத்திய கல்வித் துறையின் பி.எம்-யு.எஸ்.பி கல்லூரி மாணவர் உதவித்தொகை. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் ஆண்டுக்கு 20,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு அதிகபட்சம் 82,000 பேருக்குப் புதிதாகக் கிடைக்கும். அதில் பாதி மாணவிகளுக்கு. அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்ற விகிதத்தில் இடங்கள் பிரிக்கப்படுகின்றன.

தகுதி: உங்கள் போர்டில், உங்கள் பிரிவில் 80-வது பர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். கவனிங்க, இது 80 சதவிகித மார்க் இல்லை. தேர்ச்சி பெற்ற 100 பேரில் 80 பேரைவிட மேலே நீங்கள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரெகுலர் கல்லூரிப் படிப்பாக இருக்க வேண்டும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது. எனவே, இன்ஸ்பயர் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட வேண்டும்.

சின்ன விஷயம்தான்... ஆனா அங்கதான் சொதப்பும்!

இனிஷியல்: நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆனால், அகில இந்திய விண்ணப்பங்களில் சில சமயம் 'லாஸ்ட் நேம்' கேட்பார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பாவின் முழுப் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பில் சிக்கல் வரும். மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்திவிடுங்கள்.

வங்கிக் கணக்கு: "ஆதார் லிங்க் பண்ணிட்டேனே" என்பது மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வர, அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ பதிவில் ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கிக்குப் போய், "டி.பி.டி-க்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். சில சிறு கணக்குகளில் இவ்வளவுக்கு மேல் பணம் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. 60,000 ரூபாய் வந்தால் ஏற்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ்: இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் போனால் கையில் கிடைப்பதற்குள் தேதி முடிந்துவிடலாம்.

கல்லூரியின் ஒப்புதல்: நீங்கள் 'சப்மிட்' கொடுத்ததும் வேலை முடியவில்லை. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் உங்கள் கல்லூரி முதலில் ஆன்லைனில் சரிபார்க்க வேண்டும்; அடுத்து மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு. கல்லூரி ஓகே கொடுக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இன்ஸ்பயருக்கு, கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சான்று அவர்கள் கொடுத்திருக்கும் படிவத்திலேயே வேண்டும். ஆகவே, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "ஸ்காலர்ஷிப் பார்க்கிற சார் யார்?" என்று ஆபீஸில் கேட்டு வையுங்கள். விண்ணப்பித்ததும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கிடைச்சாச்சு... இனி ஜாலியா?

கொஞ்சம் பொறுங்க. இன்ஸ்பயர் அடுத்த ஆண்டும் தொடர 60 சதவிகிதம் அல்லது 6.0 சி.ஜி.பி.ஏ எடுக்க வேண்டும். கோடை ப்ராஜெக்ட் அறிக்கையும் வழிகாட்டியின் சான்றும் பதிவேற்ற வேண்டும். பி.எம்-யு.எஸ்.பி-க்கு 50 சதவிகித மார்க்கும் 75 சதவிகித வருகைப்பதிவும் தேவை. இதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் விண்ணப்பித்த ஆர்வத்தில் பாதியாவது இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போதும் இருக்கணும்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

உணர்ச்சிவசப்படாமல், ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு ஆண்டுக்கான கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், ஊருக்கு வந்துபோகும் ரயில் செலவு எல்லாம் ஒரு பக்கம். இன்ஸ்பயர் நான்கு ஆண்டுக்குக் கையில் தருவது 2,40,000 ரூபாய், பி.எம்-யு.எஸ்.பி மூன்று ஆண்டுக்குத் தருவது 36,000 ரூபாய். இது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அப்பா, அம்மா தயார் செய்ய வேண்டிய தொகை. அந்தத் தொகை தெரியாமல் "எப்படியாவது பார்த்துக்கலாம்" என்று சேரும்போதுதான் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம், முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் அன்று உதவித்தொகை கையில் இருக்காது. விண்ணப்பமே அதற்குப் பிறகுதான். ஆகவே, முதல் ஆண்டுச் செலவை ஸ்காலர்ஷிப் இல்லாமல் திட்டமிடுங்கள். கடன்தான் வழி என்றால், கந்துவட்டிக்குப் போகும் முன் வங்கிக் கல்விக் கடனைப் பாருங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையம் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

இந்த இரண்டு உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "சார்ஜ் கட்டினா வாங்கித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜுக்கு ஓ.டி.பி சொல்லாதீர்கள்.

போன்ல இதை இப்பவே போட்டு வையுங்க!

* ஜனவரி முதல் ஏப்ரல்: நுழைவுத் தேர்வு அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பார்க்க ரிமைண்டர்.
* ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாள்கள்: பெயர்த் திருத்தம், ஆதார் சீடிங், வருமானச் சான்றிதழ்.
* அட்மிஷனுக்கு முன்: இன்ஸ்பயர் பாடப் பட்டியல், நான்கு ஆண்டுச் செலவுக் கணக்கு.
* கல்லூரி திறந்த முதல் வாரம்: ஸ்காலர்ஷிப் பொறுப்பாளரைச் சந்திப்பது.
* ஜூலை முதல் டிசம்பர்: நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல், இன்ஸ்பயர் தளம் இரண்டிலும் தேதி பார்ப்பது. கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அதிகாரப்பூர்வ தளத்தில் இருப்பதை மட்டுமே நம்புங்கள்.

மார்க் எடுக்க இரண்டு வருஷம் ராத்திரி கண் முழிச்சீங்க. இந்த வேலைகளுக்கு மொத்தமாகச் சில நாள்கள் போதும். அதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுடாதீங்க. ஆல் தி பெஸ்ட்!